ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு? – வரம்புள்ள மாறலும் அதன் விரிவாக்கங்களும்

ஒரு பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கண்டு அப்பயணத்தை அறிந்துவிட இயலாது. கடல்மட்டத்திலிருந்து 200 மீற்றர் உயரத்திலுள்ள ஓர் ஊரிலிருந்து காலையில் புறப்பட்ட ஒருவர், மாலையில் அதே உயரத்திலுள்ள மற்றோர் ஊரை அடைகின்றார் எனக் கொள்வோம். இரு ஊர்களின் உயர வேறுபாடு பூச்சியம். எனினும் வழியில் இரண்டு குன்றுகள் குறுக்கிட்டிருந்தால் அவருடைய கால்கள் வேறு கணக்குச் சொல்லும். கழித்தற் கணக்குக்குத் தெரியாத அந்த உழைப்பை எவ்வாறு அளப்பது?

இவ்வினாவே உயர்கணிதத்தில் 'மாறல்' என்னும் கருத்தின் வித்து. 1881ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கமீல் ஜோர்டான் அதற்குத் திட்டமான வடிவம் கொடுத்தார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அறிஞர் பலர் அவ்வளவுகோலை விரித்தும் மாற்றியும் வந்துள்ளனர். ஏன் மாற்ற வேண்டியிருந்தது? சில வளைகோடுகளுக்கு ஜோர்டானின் அளவுகோல் 'முடிவிலி' என்ற ஒரே விடையையே தந்தது. அவ்விடை வந்ததும் ஆய்வை நிறுத்திவிடுவதா, அன்றி அளவுகோலை மாற்றிப் பார்ப்பதா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். கூட்டலும் பின்னமும் வர்க்கமும் அறிந்த மாணவர் எவரும் இதனைத் தொடர்ந்து வரலாம். பெற்றோரும் தாளும் பென்சிலும் எடுத்துப் பிள்ளைகளுடன் அமர்ந்து படிப்பாராயின் பயன் மிகும்.

1. மாறல் என்பது யாது?

நம் பயணி கடந்த இடங்களின் உயரங்களை வரிசையாக எழுதுவோம்: 200, 450, 300, 520, 200 மீற்றர். அடுத்தடுத்த உயரங்களின் வேறுபாடுகளை, ஏற்றமா இறக்கமா என்று பாராமல், நேர் எண்களாகவே எடுப்போம். அவை 250, 150, 220, 320 ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை 940. இதுவே இப்பயணத்தின் மொத்த மாறல்.

இனி இதனைப் பொதுமைப்படுத்துவோம். ஒரு சார்பின் வரைபு நம்முன் உள்ளது. அது விரிந்து கிடக்கும் ஆயிடையில் சில புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அப்புள்ளிகளில் சார்பின் பெறுமானங்களைக் குறித்து, அடுத்தடுத்த வேறுபாடுகளைக் கூட்டுகின்றோம். புள்ளிகளை நெருக்கமாக எடுக்குந்தோறும் இக்கூட்டுத்தொகை கூடலாம் அல்லது அப்படியே நிற்கலாம்; ஒருபோதும் குறையாது. முன்பு கவனியாது விட்ட ஒரு சிறு மேடு இப்பொழுது கணக்கில் சேர்வதே அதற்குக் காரணம். புள்ளிகளை எத்துணை நெருக்கினாலும் கூட்டுத்தொகை மீறிச் செல்லாத ஓர் எண் உளதாயின், அச்சார்பு 'வரம்புள்ள மாறல்' உடையது எனப்படும். அவ்வாறு மீறப்படாத எண்களுள் மிகச் சிறியதே அதன் மொத்த மாறல்.

எடுத்துக்காட்டாக, எப்பொழுதும் ஏறிக்கொண்டே செல்லும் சார்பின் மொத்த மாறல், இறுதிப் பெறுமானத்திலிருந்து தொடக்கப் பெறுமானத்தைக் கழித்தால் கிடைப்பதே. மற்றோர் எடுத்துக்காட்டாக ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் சார்பை −1 முதல் 1 வரை நோக்குவோம். அது 1 இலிருந்து 0 வரை இறங்கி, மீண்டும் 1 வரை ஏறுகின்றது. ஆகவே அதன் மொத்த மாறல் 2.

2. இரண்டு குறிப்பேடுகள்

ஜோர்டான் கண்ட உண்மை எளியது, ஆயினும் ஆழமானது. நம் பயணியிடம் இரண்டு குறிப்பேடுகளைக் கொடுப்போம். ஏறிய உயரத்தை மட்டும் முதலாவதிலும், இறங்கிய உயரத்தை மட்டும் இரண்டாவதிலும் அவர் கூட்டிக்கொண்டே வரட்டும். முதலாவதில் 250 + 220 = 470; இரண்டாவதில் 150 + 320 = 470. வழியில் எந்த இடத்திலும், புறப்பட்ட உயரத்துடன் முதலாம் ஏட்டின் தொகையைக் கூட்டி இரண்டாம் ஏட்டின் தொகையைக் கழித்தால், அவ்விடத்தின் உயரம் கிடைத்துவிடும். இரு ஏடுகளின் தொகைகளும் ஒருபோதும் குறைவதில்லை என்பதைக் கவனிக்க.

ஆகவே வரம்புள்ள மாறலுடைய சார்பு ஒவ்வொன்றையும், குறையாது செல்லும் இரு சார்புகளின் வேறுபாடாக எழுதலாம். மறுதலையாக, அவ்வாறு எழுதக்கூடிய சார்பு ஒவ்வொன்றும் வரம்புள்ள மாறல் உடையதே. குழப்பமான ஒரு வளைகோடு ஒழுங்கான இரு வளைகோடுகளாகப் பிரிந்துவிடுகின்றது.

இதனால் விளைந்த பயன் யாது? வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்த பூரியே, 1822இல் வெளியான தமது நூலில், திரும்பத் திரும்ப வரும் வடிவம் எதனையும் எளிய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்று வாதிட்டார். அவ்வலைகளைக் கூட்டிக்கொண்டே சென்றால் மூல வடிவம் உண்மையாகவே மீண்டும் கிடைக்குமா என்பது பெருங் கேள்வியாயிற்று. 1829இல் டிரிக்லே என்பார், ஏற்ற இறக்கங்களின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் கிடைக்கும் என நிறுவினார். 1873இல் டு புவா-ரேமோன் என்பார், முறிவின்றித் தொடர்ச்சியாகச் செல்லும் சார்புகளிலும் பூரியே தொடர் ஓரிடத்தில் ஒருங்காமற் போகலாம் என்று காட்டினார். எனவே தொடர்ச்சி என்ற பண்பு மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

இங்கேதான் ஜோர்டானின் கருத்து உதவிற்று. ஏற்ற இறக்கங்களின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்க வேண்டியதில்லை; அவற்றின் கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருந்தாற் போதும். அப்பொழுது பூரியே தொடர் ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்கும். சார்பு ஓரிடத்தில் பாய்ந்து மாறுமாயின், இடப்புற வலப்புறப் பெறுமானங்களின் சராசரியை அத்தொடர் அங்கு அடையும்.

வேறு பயன்களும் உள. தளத்தில் தொடர்ச்சியாகச் செல்லும் வளைகோடு ஒன்றின் நீளம் முடிவுள்ளதாக இருக்க வேண்டுமாயின், அதன் இரு ஆள்கூறுகளும் வரம்புள்ள மாறல் உடையனவாதல் வேண்டும்; அதுவே போதுமானதும் ஆகும். வரம்புள்ள மாறலுடைய சார்பின் வரைபுக்கு, ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளிலும் தொடுகோடு வரையலாம் என்பது 1904இல் லெபேக் நிறுவிய தேற்றத்தின் கருத்து.

3. முடிவிலி எதிர்ப்படும் இடம்

இப்பொழுது ஒரு வாளின் பற்களைப் போன்ற வரைபை வரைவோம். 0 முதல் 1 வரையான ஆயிடையை எடுப்போம். 1/2 இற்கும் 1 இற்கும் இடையில் 1 உயரமுள்ள ஒரு பல். 1/3 இற்கும் 1/2 இற்கும் இடையில் 1/2 உயரமுள்ள பல். 1/4 இற்கும் 1/3 இற்கும் இடையில் 1/3 உயரமுள்ள பல். இவ்வாறே பற்கள் சிறுத்துக்கொண்டும் நெருங்கிக்கொண்டும் பூச்சியத்தை நோக்கிச் செல்கின்றன. ஒவ்வொரு பல்லும் அடியில் தொடங்கி உச்சிக்கு ஏறி மீண்டும் அடிக்கு இறங்கும். பூச்சியத்தில் சார்பின் பெறுமானம் பூச்சியம். இவ்வரைபில் முறிவு எங்கும் இல்லை. பற்களின் உயரம் பூச்சியத்தை அணுகுவதால் அது தொடர்ச்சியானதே.

இதன் மொத்த மாறல் என்ன? ஒவ்வொரு பல்லும் தன் உயரத்தின் இருமடங்கைத் தருகின்றது. ஆகவே 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்னும் தொடரின் இருமடங்கு நமக்கு வேண்டும். இத்தொடரின் உறுப்புகள் சிறுத்துக்கொண்டே செல்வதால் கூட்டுத்தொகை ஓர் எண்ணில் நின்றுவிடும் என்று தோன்றும். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் ஒரேம் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய வழியைக் காண்க. 1/3 + 1/4 என்பது 1/2ஐ விடப் பெரிது. 1/5 முதல் 1/8 வரையுள்ள நான்கின் கூட்டுத்தொகையும் 1/2ஐ விடப் பெரிது. 1/9 முதல் 1/16 வரையுள்ள எட்டின் கூட்டுத்தொகையும் அவ்வாறே. இப்படி 1/2ஐ விடப் பெரிய தொகுதிகள் முடிவின்றி வந்துகொண்டே இருப்பதால், கூட்டுத்தொகை எந்த எண்ணையும் தாண்டிவிடும்.

எனவே நம் வாட்பல் வரைபின் மாறல் முடிவிலி. பயணியின் இரு குறிப்பேடுகளும் முடிவிலியைக் காட்டும். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் வருவது யாது? அதற்குப் பொருள் இல்லை. ஜோர்டானின் தேற்றம் இங்குக் கைகொடாது.

ஆயினும் இவ்வரைபை மீண்டும் உற்று நோக்குக. அது கட்டுக்கடங்காத வரைபு அன்று; பற்கள் ஒழுங்காகவே சிறுத்துச் செல்கின்றன. இதனைவிடப் பன்மடங்கு கரடுமுரடான வரைபுகளும் உண்டு. அவை எல்லாவற்றுக்கும் 'முடிவிலி' என்ற ஒரே பெயரைச் சூட்டினால், அவற்றிடையே உள்ள வேறுபாடுகளை நாம் இழந்துவிடுகின்றோம். கிலோக்கிராம் கணக்கில் எடை காட்டும் பெருந்தராசில் மல்லிகைப் பூவை நிறுப்பவர் 'எடை இல்லை' என்று சொல்வதற்கு இது நிகராகும். இருபதாம் நூற்றாண்டில் நுண்ணிய தராசுகள் இருவழிகளில் அமைக்கப்பட்டன.

4. முதலாம் வழி: அடுக்கு

1924இல் அமெரிக்க அறிஞர் நோர்பேட் வீனர், வேறுபாடுகளை அப்படியே கூட்டாமல் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டும் முறையைப் பூரியே தொடர்களின் ஆய்வில் புகுத்தினார். சிறிய எண்ணை வர்க்கித்தால் அது மேலும் சிறுக்கும்: 1/10 இன் வர்க்கம் 1/100, 1/1000 இன் வர்க்கம் பத்து இலட்சத்தில் ஒன்று. எனவே நுண்ணிய நடுக்கங்கள் எத்துணை மிகுந்திருந்தாலும் கூட்டுத்தொகை கட்டுக்குள் அடங்க இடமுண்டு. நம் வாட்பல் வரைபுக்கு 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்னும் தொடரின் இருமடங்கு வேண்டும். இத்தொடரின் கூட்டுத்தொகை பையின் வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 1.645, என ஒயிலர் கண்டறிந்தார். எனவே நமக்கு வேண்டிய எண் ஏறத்தாழ 3.29. முடிவிலி என்றிருந்த இடத்தில் இப்பொழுது ஓர் எண் நிற்கின்றது.

பெயர் பெற்ற கணிதக் குடும்பம் ஒன்றில் பிறந்த லோரன்ஸ் யங், 1936இல் இக்கருத்தை மேலும் வளர்த்தார். அவருடைய தந்தையார் கணித அறிஞர்; தாயார் கிரேஸ் சிசோம் யங் 1895இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். லோரன்ஸ் யங் வர்க்கத்தோடு நில்லாது, 1 இற்குக் குறையாத எந்த எண்ணையும் அடுக்காகக் கொண்டார். அவ்வடுக்கை 'ப' எனக் குறித்தால், வேறுபாடுகளின் ப-ஆம் அடுக்குகளைக் கூட்டிப் பெறும் அளவையை 'ப-மாறல்' எனலாம். ப = 1 ஆயின் அது ஜோர்டானின் மாறலே. ஒரு சார்பின் ப-மாறல் வரம்புடையதாயின், அதைவிடப் பெரிய அடுக்குகளுக்கும் அவ்வாறே இருக்கும். எந்த அடுக்கில் முதன்முதலாக முடிவிலி அகல்கின்றது என்பது அவ்வரைபின் கரடுமுரட்டுத் தன்மைக்கு ஓர் அளவாகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண மாறலில் புள்ளிகளை நெருக்கினால் கூட்டுத்தொகை குறையாது என்றோம். அடுக்குகளைக் கூட்டும்போது இவ்விதி பொருந்தாது. 1 அலகை ஒரே அடியில் ஏறினால் வர்க்கம் 1; அதனையே இரண்டு அரை அடிகளாக ஏறினால் 1/4 + 1/4 = 1/2 மட்டுமே. ஆகவே புள்ளிகளை எல்லா வகையிலும் தெரிந்தெடுத்துப் பார்த்து, அக்கூட்டுத்தொகைகள் மீறாத மேல்வரம்பையே அளவாகக் கொள்ள வேண்டும்.

யங் இதனைச் செய்ததன் நோக்கம் தொகையீடு பற்றியது. நம் பயணி தலையில் ஒரு சுமையைத் தாங்கிச் செல்கின்றார் என்க. வழியில் சுமை கூடுகின்றது, குறைகின்றது. ஒவ்வொரு சிறு ஏற்ற இறக்கத்தையும் அவ்வேளையிலுள்ள சுமையால் பெருக்கிக் கூட்டினால் வருவது ஒரு தொகையீடு. இவ்வகைத் தொகையீட்டை 1894இல் நெதர்லாந்தில் பிறந்த ஸ்டீல்ட்ஜெஸ் அறிமுகப்படுத்தினார். சுமை தொடர்ச்சியாக மாற, உயரம் வரம்புள்ள மாறலுடையதாக இருந்தால், தொகையீடு ஐயமின்றிக் கிடைக்கும். யங் கண்டது அதனினும் விரிந்தது. சுமையும் உயரமும் தொடர்ச்சியானவை என்க. சுமையின் ப-மாறலும் உயரத்தின் ம-மாறலும் வரம்புடையனவாகி, 1/ப + 1/ம என்பது 1ஐ விடப் பெரிதாக இருந்தால், இரண்டும் ஜோர்டானின் அளவில் முடிவிலியாக இருப்பினும் தொகையீடு உண்டு. ஒன்றின் கரடுமுரட்டை மற்றொன்றின் மென்மை ஈடுசெய்கின்றது.

5. இரண்டாம் வழி: வரிசை

1972இல் அமெரிக்க அறிஞர் டானியல் வாட்டர்மன் வேறொரு தராசை அமைத்தார். அவர் வேறுபாடுகளை அடுக்குக்கு உயர்த்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்று படியாத துண்டுகளில் கிடைக்கும் வேறுபாடுகளை வரிசைப்படுத்தி, முதலாவதை 1 ஆலும், இரண்டாவதை 2 ஆலும், மூன்றாவதை 3 ஆலும் வகுத்துப் பின்னர் கூட்டினார். துண்டுகளை எவ்வாறு தெரிந்தாலும், எவ்வரிசையில் வைத்தாலும் இக்கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டாதாயின், அச்சார்பு 'இசை மாறல்' வரம்புடையது எனலாம். 1, 1/2, 1/3 என்னும் எண்களின் தொடருக்கு இசைத் தொடர் என்று பெயர் இருப்பதால் இப்பெயர் பொருந்தும்.

நம் வாட்பல் வரைபில் ஒவ்வோர் உயரமும் ஏற்றத்துக்கு ஒருமுறையும் இறக்கத்துக்கு ஒருமுறையும் வருகின்றது. பெரியனவற்றை முன்வைத்தால் 1/1 + 1/2, பின்னர் 1/2ஐ 3 ஆலும் 4 ஆலும் வகுத்தவை, பின்னர் 1/3ஐ 5 ஆலும் 6 ஆலும் வகுத்தவை எனத் தொடரும். இக்கூட்டுத்தொகை ஏறத்தாழ 2.21ஐ அணுகி நின்றுவிடும்.

இத்தராசின் சிறப்பு யாதெனில், பூரியே பற்றிய பழைய கேள்விக்கு அது மிகப் பொருத்தமாக அமைந்ததே. இசை மாறல் வரம்புடைய சார்பு ஒவ்வொன்றுக்கும் பூரியே தொடர் ஒவ்வொரு புள்ளியிலும் ஒருங்கும் என வாட்டர்மன் நிறுவினார். ப-மாறல் வரம்புடைய சார்புகள் யாவும் இத்தொகுதிக்குள் அடங்கும். 1, 2, 3 என்னும் வகுக்கும் எண்களை மாற்றி, இத்தொகுதிக்குள் அடங்காத தொகுதி ஒன்றை இதே முறையில் அமைத்தால், அதில் பூரியே தொடர் ஒருங்காத சார்பு ஒன்றேனும் இருந்தே தீரும் என்பதையும் அவர் காட்டினார். ஓர் உறுதிமொழி எவ்வளவு தூரம் செல்லும், எங்கே முடியும் என்ற இரண்டையும் ஒருங்கே அறிவது கணிதத்தில் அரிய வெற்றியாகும்.

6. நீரில் ஆடும் துகள்

இவையெல்லாம் அறிஞர் தம் மனத்தில் புனைந்த வரைபுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 1827இல் ரொபேட் பிரவுண் என்னும் ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர், மகரந்த மணிகளிலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது நடுங்கி அலைவதை நுண்காட்டியில் கண்டு ஆராய்ந்தார். நீர் மூலக்கூறுகளின் மோதலே அதற்குக் காரணம் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டு விளக்கினார். அத்தகைய அலைவின் கணித வடிவம் ஐயத்துக்கு இடமின்றி அமைக்கப்பட்டது 1923இல். அமைத்தவர் மேலே கூறிய வீனரே.

அப்பாதையின் மாறலை ஓர் எளிய மாதிரியால் காண்போம். ஒரு செக்கனில் துகள் சம அளவுள்ள பல அடிகளை வைக்கின்றது. ஒவ்வோர் அடியும் மேலா கீழா என்பதை ஒரு நாணயச் சுண்டல் முடிவு செய்கின்றது. அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டும்போது அடியின் நீளத்தைப் பின்வருமாறு குறைப்போம்:

100 அடிகள், ஒவ்வொன்றும் 0.1: கூட்டுத்தொகை 10, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.
10,000 அடிகள், ஒவ்வொன்றும் 0.01: கூட்டுத்தொகை 100, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.
10,00,000 அடிகள், ஒவ்வொன்றும் 0.001: கூட்டுத்தொகை 1,000, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.

சாதாரண மாறல் முடிவிலியை நோக்கி ஓடுகின்றது. வர்க்க மாறலோ அசையாமல் நிற்கின்றது. அதுமட்டுமன்று, இரண்டு செக்கன் சென்றால் அது 2 ஆகும், மூன்று செக்கன் சென்றால் 3 ஆகும். கடந்த காலத்தையே அது காட்டுகின்றது! இவ்வியல்பை 1940இல் பிரெஞ்சு அறிஞர் போல் லெவி ஆழமாக ஆராய்ந்தார். கால ஆயிடையை ஒழுங்காக மேன்மேலும் நுணுக்கிச் செல்லும்போது இது பொருந்தும். புள்ளிகளைப் பாதைக்கு ஏற்றவாறு விரும்பியபடி தெரிந்தெடுக்க இடங்கொடுத்தால் வர்க்கக் கூட்டுத்தொகையும் எல்லை மீறிவிடும். 2ஐ விடப் பெரிய அடுக்குகளுக்கே ப-மாறல் வரம்புடையதாகும். இப்பாதையில் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய இயலாது என்பதும் 1933இல் நிறுவப்பட்டது.

இங்கே யங் வகுத்த விதி தோல்வியுறுகின்றது. 1/2 + 1/2 என்பது 1 மட்டுமே. 1ஐ விடப் பெரிதன்று. ஆகவே இத்தகைய பாதைகளுக்கான தொகையீட்டுக்குப் புதுவழி வேண்டியதாயிற்று. 1944இல் யப்பானிய அறிஞர் கியோசி இத்தோ நிகழ்தகவின் துணைகொண்டு ஒருவழி அமைத்தார். அதில் வர்க்க மாறல் முதன்மையான இடம் பெறுகின்றது. 1998இல் பிரித்தானிய அறிஞர் டெரி லயன்ஸ், பாதையோடு அது சூழ்ந்து செல்லும் பரப்பு பற்றிய செய்தியையும் சேர்த்துக்கொண்டால் நிகழ்தகவின்றியே தொகையீடு காணலாம் என்று காட்டினார். நிகழ்தகவின் நெறிக்கு அரும்பணி ஆற்றியமைக்காக 2007ஆம் ஆண்டின் ஆபெல் பரிசைப் பெற்ற எஸ். ஆர். எஸ். வரதன் 1940இல் சென்னையில் பிறந்தவர் என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று.

7. எந்தத் தராசு சிறந்தது?

அப்படியாயின் பழைய மாறல் பயனற்றுப் போயிற்றா? இல்லை. 1992இல் ரூடின், ஒஷர், பாதெமி என்னும் மூவர், ஒளிப்படங்களில் படிந்துள்ள புள்ளிக் கறைகளை நீக்க மொத்த மாறலையே கருவியாகக் கொண்டனர். ஒளிர்வு 0 இலிருந்து 100 வரை ஒரே பாய்ச்சலில் ஏறினாலும், பத்துப் பத்தாகப் படிப்படியாக ஏறினாலும் மொத்த மாறல் 100 தான். ஆனால் வர்க்கங்களைக் கூட்டினால் ஒரே பாய்ச்சலுக்கு 10,000; பத்துப் படிகளுக்கு 1,000. ஆகவே வர்க்க அளவையைக் குறைக்க முயலும் முறை, ஒரு முகத்தின் ஓரக்கோடு போன்ற கூர்மையான விளிம்புகளை மழுங்கச் செய்யும். மொத்த மாறலோ விளிம்பைத் தண்டிப்பதில்லை. வீணாக மேலும் கீழும் நடுங்கும் கறைகளையே தண்டிக்கின்றது.

எனவே தராசுகளுள் உயர்ந்தது தாழ்ந்தது என ஒன்றில்லை. வளைகோட்டின் நீளத்தை அறிய ஜோர்டானின் அளவை. கரடுமுரடான இரு சார்புகளைப் பெருக்கித் தொகையிட யங்கின் அளவை. பூரியே தொடரின் ஒருக்கத்தை உறுதிசெய்ய வாட்டர்மனின் அளவை. கேள்வி எதுவோ, அதற்கேற்ற அளவுகோலைத் தேர்வதே அறிவு.

8. பயிற்சிகள்

(அ) ஒருநாள் வெப்பநிலை 12, 18, 15, 21, 10 பாகை என மாறிற்று. மொத்த மாறல் யாது? ஏற்றக் குறிப்பேட்டிலும் இறக்கக் குறிப்பேட்டிலும் உள்ள தொகைகள் யாவை?

(ஆ) 0 இலிருந்து 10 வரை ஒரே அடியில், பத்துச் சம அடிகளில், நூறு சம அடிகளில் ஏறும்போது, வேறுபாடுகளின் கூட்டுத்தொகையையும் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் காண்க.

(இ) வாட்பல் வரைபில் பற்களின் உயரங்களை 1, 1/√2, 1/√3, 1/√4 … என மாற்றுக. வர்க்கங்களைக் கூட்டினால் முடிவிலி அகலுமா? நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் என்ன கிடைக்கும்?

விடைகள்: (அ) 26, ஏற்றம் 12, இறக்கம் 14, இவற்றின் வேறுபாடாகிய 2 பாகையே அன்றைய நிகர இறக்கம். (ஆ) கூட்டுத்தொகை மூன்றிலும் 10. வர்க்கங்களின் கூட்டுத்தொகை முறையே 100, 10, 1. (இ) வர்க்கங்களைக் கூட்டினால் இசைத் தொடரே மீண்டும் தோன்றும், முடிவிலி அகலாது. நான்காம் அடுக்கில் 1 + 1/4 + 1/9 + … என்பதன் இருமடங்காகிய ஏறத்தாழ 3.29 கிடைக்கும்.

நிறைவாக

கிழமை நாள்களில் வேறொரு மொழியில் கணிதம் பயிலும் நம் பிள்ளைகள், வார இறுதியில் தமிழ் பயில வருகின்றனர். தமிழ் கதைக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியது, கணிதம் பிறமொழிக்கு உரியது என்ற எண்ணம் இதனால் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிடலாகாது. சார்பு, ஆயிடை, மாறல், தொகையீடு, முடிவிலி என்னும் சொற்கள் நம் கையில் உள்ளன. அவற்றைக் கொண்டு 1881இல் பிறந்த ஒரு கருத்தை 1998 வரை நாம் தொடர்ந்து வந்தோம். பள்ளியில் புதிய கணிதக் கருத்து ஒன்றைக் கற்ற அன்றே, அதனை வீட்டில் தாய் தந்தையருக்கோ பாட்டனார் பாட்டியாருக்கோ தமிழில் விளக்கிச் சொல்லப் பழகுவோமாக. விளக்கும்போது எங்கே தடுமாறுகின்றோமோ, அங்கேதான் நாம் இன்னும் கற்க வேண்டியது இருக்கின்றது.

விடை 'முடிவிலி' என வரும்பொழுது, நாம் கேட்ட கேள்விக்கு நாம் எடுத்த அளவுகோல் ஏற்றதுதானா என ஒருமுறை நின்று பார்ப்போம். வீனரும் யங்கும் வாட்டர்மனும் அவ்வாறு நின்று பார்த்தவர்களே.